டயலில் பேலன்ஸ் வீல் தெரியும் பாக்கெட் கடிகாரம்: எந்தக் காலத்தது?

கேள்வி:
பாட்டனாரின் பெட்டியில் கிடைத்த இந்தக் கடிகாரத்தில், டயலின் 6 மணி இடத்தில் பேலன்ஸ் வீல் (முன்னும் பின்னும் ஆடி ஓட்டத்தைச் சீராக்கும் சக்கரம்) வெளியே தெரிந்தபடி ஆடுகிறது. பின்மூடியைத் திறந்தால் சக்கரம் எதுவும் தென்படாமல், பெரிய வட்டத் தகடு ஒன்றே முழு இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கிறது. மூடியின் உட்புறம் 0.800 என்ற எண்ணும் சிறு பறவை முத்திரையும் உள்ளன. தயாரிப்பாளர் பெயர் இல்லை. இது டூர்பியோனா?

பதில் 1:
அல்ல. டூர்பியோனில் பேலன்ஸைச் சுமக்கும் கூண்டே சுழலும். உங்களுடையதில் பேலன்ஸ் நின்ற இடத்திலேயே ஆடுகிறது. தகடு என்று நீங்கள் கருதியது உண்மையில் மெயின்ஸ்பிரிங் பேரல், அதாவது கடிகாரத்தை ஓட்டும் சுருள்வில் அடங்கிய உருளை. ஒரு முறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓட வேண்டும் என்பதற்காக அதைப் பின்புறம் முழுவதும் பரப்பியதால், பேலன்ஸ் டயல் பக்கம் வர வேண்டியதாயிற்று. 1880களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் ஐரினே ஓப்ரி உருவாக்கிய இவ்வமைப்பு ‘ஹெப்டோமாஸ்’ என்ற பெயரில் பரவியது. பெயரில்லாத பிரதிகளும் ஏராளம்.

பதில் 2:
அந்தப் பறவை காட்டுக்கோழியாக இருந்தால், அது 800 தர (ஆயிரத்தில் 800 பங்கு) வெள்ளிக்கான சுவிஸ் முத்திரை. 1882 முதல் வழக்கில் இருந்தது. ஆனால் முத்திரை கூட்டுக்கு (வெளி உறைக்கு) மட்டுமே சாட்சி. இயந்திரம் பின்னால் மாற்றப்பட்டிருக்கலாம். பேலன்ஸின் நடுக் கல்லை லென்ஸில் பாருங்கள்: யாழ் வடிவச் சிறு ஸ்பிரிங் இருந்தால் அது இன்காப்லாக் என்ற அதிர்வுத் தடுப்பு அமைப்பு; அப்படியானால் இயந்திரம் 1930களுக்கு முந்தியதாக இருக்க முடியாது.

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன். வெறும் சிவப்புக் கல், ஸ்பிரிங் இல்லை, பறவை காட்டுக்கோழியேதான்.

பதில் 1:
அப்படியானால் கூடு 1882க்கு முந்தியதல்ல; இயந்திரம் பெரும்பாலும் இன்காப்லாக் பரவுவதற்கு முந்தியது என்று கொள்ளலாம். பழைய கிரீஸ் இறுகியிருக்கும். சுத்தம் செய்யும்வரை முழுச் சாவி கொடுக்காதீர்கள்.