உலகம் அழிஞ்ச பிறகு நடக்குற படங்கள்: உங்களை இன்னும் விடாத ஒரு காட்சி எது?

செங்கோட்டை:
அந்த ஆணிதான். 'எ கொயட் பிளேஸ்' பார்த்தவங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டாம். நிறைமாசமா இருக்கிற அம்மா துணி மூட்டையைப் படியில இழுத்துட்டு வர்றா. சாக்கு ஒரு ஆணியில மாட்டுது, அவ வெடுக்குன்னு இழுக்க, ஆணி நட்டமா நிமிர்ந்து நிக்குது. அவ பார்க்கல, நாம பார்த்துட்டோம். அதுக்கப்புறம் யாரு படியில கால் வச்சாலும் நம்ம உள்ளங்கால்தான் கூசுது.

2018-ல வந்த படம். ஜான் க்ராசின்ஸ்கி இயக்கி அவரே அப்பாவாவும் நடிச்சார். சத்தத்தை வச்சே வேட்டையாடுற பிராணிங்க ஊரெல்லாம் திரியுது. சத்தம் போட்டா செத்தோம், அவ்வளவுதான் சட்டம். அதுக்காக அந்தக் குடும்பம் பார்த்து வச்சிருக்கிற வேலைகள்லதான் படமே இருக்கு. நடக்குற பாதை நெடுக மணல் கொட்டியிருக்கு. பலகையில எங்க மிதிச்சா முனகாதோ அங்க பெயின்ட் அடையாளம். விளையாட்டுக் காய்கள்கூட துணியில செஞ்சது. யாரும் இதை வாயால விளக்கல, விளக்கவும் முடியாது. நாமளே கண்டுபிடிக்கிறோம், அதுலதான் ருசி.

புளியரை:
அண்ணாச்சி சொன்ன படத்துல ஒரு கேள்வி. அருவிக்குப் பக்கத்துல கத்தினாலும் அந்தப் பிராணிக்குக் கேக்கலைன்னு அப்பாவே மகனைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறாரே, பிறகு ஏன் அங்கேயே குடியிருக்கல?

என்னை விடாதது 'ட்ரெயின் டு பூசான்' (2016) குகைக் காட்சி. செங்கோட்டை தாண்டி வர்ற கோட்டைவாசல் குகைக்குள்ள நம்ம ரயில் நுழைஞ்சதும் பெட்டி மொத்தமும் இருட்டாகுமே, அதே இருட்டு. ரயிலுக்குள்ள ஆளுங்களைக் கடிக்கிற நடமாடும் பிணங்களுக்கு (ஜாம்பி) இருட்டுல கண்ணு தெரியாது. சத்தம் வர்ற பக்கம் மட்டும் பாயும். அதனால ஒரு போனை அடிக்கவிட்டு அதுகளை ஒரு பக்கம் இழுத்துட்டு, மேல சாமான் வைக்கிற கம்பித் தட்டுல ஊர்ந்து போறாங்க. குகை முடியறதுக்குள்ள அந்தப் பெட்டியைக் கடந்தாகணும்.

அதுக்கு முன்னாடி, ஆளுங்க அதுக கண்ணுல படாம இருக்க, கதவுக் கண்ணாடியில தண்ணியைத் தெளிச்சு நியூஸ் பேப்பர் ஒட்டுற இடமும் அருமை. பசை எதுவும் வேண்டாம், ஈரமே தாளைப் பிடிச்சுக்கும். ஆனா ஓரம்தான் முதல்ல காயும், காஞ்ச ஓரம் சுருண்டா தாள் முழுசும் உரிஞ்சு விழுந்திரும். அந்தப் பயம் நமக்கும் தொத்திக்குது.

செங்கோட்டை:
குற்றாலம் மெயின் அருவியில சீசன் நேரத்துல நின்னு பாருங்க தம்பி. பக்கத்துல நிக்கிறவரு காதுக்குள்ள கத்தினாத்தான் கேக்கும். நம்ம சத்தத்தை எது மூடுதோ அதுவே வர்றவனோட சத்தத்தையும் மூடிரும். அந்தக் குடும்பத்துக்கு இருக்கிற ஒரே காவல் காதுதான், அருவிக்கரையில அதுவும் போச்சு. போதாததுக்கு ஓயாத சாரல். தானியம் பூத்துப் போகும், விறகு எரியாது.

கம்பம்:
ரெண்டு பேரும் சட்டம், சூட்சுமம்னே பேசுறீங்க. எனக்கு உடன்பாடில்ல. சூட்சுமம் பிடிபட்டதும் அது விடுகதைக்கு விடை தெரிஞ்ச மாதிரி, ரெண்டாவது தடவை பார்க்க என்ன இருக்கு?

'சில்ட்ரன் ஆஃப் மென்' எடுத்துக்கோங்க. அல்ஃபோன்சோ குவாரோன், 2006. கதை நடக்குறது 2027-ல. பதினெட்டு வருஷமா உலகத்துல ஒரு பிள்ளை பிறக்கல. கடைசிப் பக்கம் சண்டை நடக்குற கட்டடத்துல ஒரு பச்சைக் குழந்தை அழுகுது. துப்பாக்கிச் சத்தம் ஒண்ணொண்ணா ஓயுது. படியில நிக்கிற சிப்பாய்கள் வழி விடுறாங்க, சிலர் மண்டி போடுறாங்க. அதுவரைக்கும் எல்லாருக்கும் கண்ணு கலங்கும். ஆனா என்னை உலுக்கினது அடுத்த நிமிஷம். தாயும் பிள்ளையும் கொஞ்ச தூரம் தாண்டினதும் ஒரு குண்டு வெடிக்குது, மறுபடி சண்டை ஆரம்பிச்சிருது. அந்த அழுகை வாங்கிக் கொடுத்த அமைதி அவ்வளவு நேரந்தான்.

கார்ல தாக்குற காட்சிக்கு மட்டும் சூட்சுமத்தை ஒத்துக்கறேன். கட்டே இல்லாம ஒரே ஷாட்டா ஓடுற மாதிரி இருக்கும். கார் மேல ஒரு கருவியைப் பூட்டி, கேமராவை உள்ளேயே சுத்த விட்டாங்க. கேமரா வர்றப்போ நடிகர் விலகுறதுக்குத் தோதா இருக்கையே சாயும். ஒளிப்பதிவு இமானுவேல் லூபெஸ்கி.

கொழிஞ்சாம்பாறை:
எனக்கு 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' (2015) தாங்க. தண்ணியைக் கையில வச்சிருக்கிற வில்லன் மலை உச்சியிலிருந்து குழாயைத் திறந்து விடுவான், கீழ சனம் சட்டி பானையோட ஓடும். பாதிக்கு மேல புழுதியில கொட்டி வீணாகும், உடனே அடைச்சிருவான். ஜார்ஜ் மில்லர் இதை ஆஸ்திரேலியாவுல ப்ரோக்கன் ஹில் பக்கம் எடுக்கறதா இருந்தாருங்க. மழை பேஞ்சு பாலைவனமே பூத்துருச்சு, அதனால நமீபியாவுக்குப் போனாங்க. கோடையில டேங்கர் லாரிக்குக் குடத்தை வரிசை வைக்கிற நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லைங்க.

ஆனா இந்த மாதிரிப் படங்கள்ல கிடைச்ச தண்ணியை அப்படியே குடிக்கறாங்க பாருங்க, அது தப்புங்க. முதல்ல தெளிய வைக்கணும். தேற்றாங்கொட்டையைப் பானைக்கு உள்பக்கம் நல்லா உரசிட்டுத் தண்ணியை ஊத்துனா கலங்கல் அடியில படியும். மேல் தண்ணியை மட்டும் நாலா மடிச்ச வேட்டித் துணியில வடிகட்டணும். கொதிக்க வச்சா தளதளன்னு ஒரு முழு நிமிஷம் கொதிக்கணும், ஆவி வந்ததும் இறக்கக் கூடாதுங்க. விறகு இல்லையா, வாசனை சேர்க்காத திரவ ப்ளீச், சோடியம் ஹைப்போகுளோரைட் 5-6 சதவீதம் இருக்கிறது, லிட்டருக்கு 2 சொட்டு, 30 நிமிஷம் விடணும். லேசா குளோரின் வாடை வரணும். வரலைன்னா இன்னொரு தடவை அதே அளவு விட்டு மறுபடி காத்திருக்கணும். அதுவும் இல்லையா, நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டில்ல, 2 லிட்டருக்கு மேல போகாம, நல்ல வெயில்ல 6 மணி நேரம். மூட்டமா இருந்தா 2 நாள். தண்ணி கலங்கலா இருந்தா வெயில் உள்ள இறங்காது, அதனாலதான் தெளிய வைக்கிறதை முதல்ல சொன்னேன். இது எல்லாம் கிருமிக்குத்தாங்க. உப்பும் ஃப்ளோரைடும் எதுலயும் போகாது.

அப்புறம் பெட்ரோல். பத்து வருஷம் கழிச்சும் வண்டியைத் தட்டினதும் கிளப்புறாங்க. மூடி வச்சாலும் சில மாசத்துல பெட்ரோல் கெட ஆரம்பிச்சிரும். லேசான பகுதி ஆவியாகும், மிச்சம் பிசினாகி கார்புரேட்டர் துவாரத்தை அடைக்கும். எத்தனால் கலந்ததுன்னா ஈரத்தை இழுத்து, தண்ணியும் எத்தனாலும் தனியாப் பிரிஞ்சு டேங்க் அடியில நிக்கும். டீசல் கூட நாள் தாங்குங்க, ஆனா அதுல தண்ணி இறங்குனா கிருமி வளர்ந்து கொழகொழன்னு ஆகி ஃபில்டரை அடைக்கும்.

கம்பம்:
குழந்தை அழுததைப் பத்திச் சொன்னா நீங்க கார்புரேட்டருக்குப் போயிட்டீங்களேண்ணே.

புளியரை:
அருவிக்குப் பதில் ஒத்துக்கறேன் அண்ணாச்சி. ஆனா அந்த ஆணியை ஏன் பிடுங்கல?

செங்கோட்டை:
அவ அதைப் பார்க்கவே இல்லையே தம்பி. பார்த்திருந்தாலும் லேசுல்ல. சுத்தியலால அடிச்சு மடக்க முடியாது. பழைய மரத்துல துருப்பிடிச்ச ஆணியைக் குறடு போட்டு இழுத்தா க்ரீச்சுன்னு கத்தும். ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, இழுக்காம மெதுவாத் திருகித்தான் எடுக்கணும். அவளுக்கோ நிறைமாசம்.