பழைய டெஸ்க்டாப்தான் ரூட்டர், நெட் அறுந்து அறுந்து வருது. புது ரூட்டர் வாங்கினால் மிச்சமா?

வலைமீன்: வணக்கம் நண்பர்களே. சும்மா கிடந்த ஐ5 டெஸ்க்டாப்பில் ஓபிஎன்சென்ஸ் (கம்ப்யூட்டரை ரூட்டராக்கும் இலவச மென்பொருள்) போட்டு ரூட்டராக ஓட்டுகிறேன். போர்டில் ஒரு லேன் போர்ட் இருக்கு. கூடுதலாக ஒரு ரியல்டெக் நெட்வொர்க் கார்டு செருகி, இணைப்பை அதில் கொடுத்திருக்கேன். பெரிய ஃபைல் இறங்கும்போது மட்டும் நெட் சில நொடி செத்து உயிர் வருது. லாக்கில் "ஆர்இ0: வாட்ச்டாக் டைம்அவுட்". லைன் 300 எம்பிபிஎஸ். வெளியிலிருந்து வீட்டு நெட்டுக்குப் பாதுகாப்பாக வர வயர்கார்டு விபிஎன் கட்டாயம் வேண்டும். வைஃபைக்குத் தனி ஆக்சஸ் பாயிண்ட். வீட்டில் ரூட்டரே வாங்கிடலாமேன்னு சொல்றாங்க. மெஷின் கையில் இருக்கும்போது எதுக்குச் செலவுன்னு எனக்குத் தோணுது. என்ன செய்யலாம்?

போர்ட்எண்80: அந்த லாக் வரி போதும், ரியல்டெக் கார்டுதான் (ஆர்இ0) நடுவில் நின்னு போகுது, லைன் மேல தப்பு இல்லை. ஓபிஎன்சென்ஸுக்கு அடியில் இருப்பது ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம். அதோட சொந்த ரியல்டெக் டிரைவர் லோடு ஏறினா இப்படித் தடுமாறும். ஃபர்ம்வேர் பக்கத்தில் பிளகின்ஸ் போய் "ஓஎஸ்-ரியல்டெக்-ஆர்இ" நிறுவி ரீபூட் பண்ணுங்க. ஹார்ட்வேர் டிஎஸ்ஓ, எல்ஆர்ஓ (பாக்கெட் வேலையைக் கார்டிடமே விடும் செட்டிங்ஸ்) ரெண்டும் அணைஞ்சிருக்கான்னும் பாருங்க. அப்பவும் அறுந்தா இன்டெல் கார்டுக்கு மாறுங்க. இன்டெல் ஐ350 மாடல் பேரில் போலி கார்டு நிறைய சுத்துது, பார்த்து வாங்குங்க.

மின்கணக்கு: மெஷின் இலவசம்தான், கரண்ட் இலவசம் இல்லையே நண்பரே. ரூட்டர் 24 மணி நேரமும் ஓடுற சாமான். ஒரு வாட் வருஷம் முழுக்க ஓடினா 8.76 யூனிட். டெஸ்க்டாப் 60 வாட் இழுத்தா 525 யூனிட்டைத் தாண்டும். 10 வாட் ரூட்டருக்கு 88 கூட ஆகாது. வித்தியாசத்தை உங்க யூனிட் விலையால் பெருக்குங்க. பிராசசர் பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்பாதீங்க, பிளக்கில் வாட் மீட்டர் வைச்சு அளங்க. யுபிஎஸ் இருந்தா, கரண்ட் போனதும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையும் இதே வாட்தான் முடிவு பண்ணும்.

வலைமீன்: பிளகின் போட்டாச்சு. அதே பெரிய ஃபைலை இறக்கிப் பார்த்தேன், அறுக்கவே இல்லை. ரொம்ப நன்றி போர்ட்எண்80! மீட்டரும் வைச்சேன்: சும்மா இருக்கும்போதே 52 வாட். வருஷத்துக்கு 455 யூனிட். இவ்வளவு வரும்னு நினைக்கவே இல்லை. அப்போ சின்ன ரூட்டராக ஏதாவது ஒண்ணு வாங்கிடவா?

கம்பிவடம்: அவசரப்பட்டு ஏதாவது ஒண்ணு வாங்காதீங்க. பெட்டியில் எழுதியிருக்கும் வேகம் பெரும்பாலும் ஹார்ட்வேர் ஆஃப்லோடு (சிபியுவைத் தொடாம தனிச் சிப் பாக்கெட்டை அனுப்புறது) போட்டு வருவது. பஃபர்புளோட்டை (லைன் நிறையும்போது வரும் தாமதம்) குறைக்க எஸ்க்யூஎம் என்ற வரிசைப்படுத்தும் வசதியைப் போட்டாலோ வயர்கார்டு ஓட்டினாலோ மொத்தப் பாரமும் சிபியு தலையில்தான். மிப்ஸ் என்ற பழைய வகைச் சிப் உள்ள ரூட்டர் உங்க 300-ஐத் தாங்காது. நாலு ஆர்ம் கோர் (போன்ல இருக்கிற வகைச் சிப்) உள்ள, ஓபன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான இலவச மென்பொருள்) ஆதரவுப் பட்டியலில் இருக்கிற மாடலா எடுங்க. தயாரிப்பாளர் அப்டேட்டை நிறுத்தினாலும் பெட்டி வீணாகாது, இது என் அனுபவத்தில் பெரிய மிச்சம். ஓபிஎன்சென்ஸைக் கைவிட மனசில்லைன்னா, இன்டெல் என்100 சிப் போட்ட ஃபேன் இல்லாத மினி பிசி இருக்கு. கரண்ட் குறையும், ஆனா வாங்கும் விலை கூடும். உங்க தேவைக்கு அது அதிகம்னு நினைக்கிறேன்.

வலைமீன்: ஆர்ம் ரூட்டரே எடுக்கிறேன். செட்டிங்ஸை அப்படியே மாத்த முடியுமா?

போர்ட்எண்80: முடியாது, ஓபிஎன்சென்ஸ் பேக்கப் ஃபைல் ஓபன்டபிள்யூஆர்டியில் ஏறாது. வயர்கார்டு சாவிகளை மட்டும் அப்படியே எடுத்துக்கலாம், போர்ட்டும் முகவரிகளும் அதேயா வைச்சா போன்ல எதையும் மாத்த வேண்டாம். போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து உள்ளே விடும் வழி), டிஎச்சிபி ரிசர்வேஷன் (சாதனங்களுக்கு ஒதுக்கிய ஐபி முகவரி) ரெண்டையும் டெஸ்க்டாப்பை அணைக்கறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைச்சுக்கங்க.