பத்தாவது வாரத் தடுப்பூசிக்குப் பின் தொடை வீக்கம்: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பாலக்கோடு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். இரண்டரை மாதமாகும் என் மகளுக்கு நேற்று, புதன்கிழமை, துணை சுகாதார நிலையத்தில் இடது தொடையில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் இரண்டாம் தவணை ஊசியும், போலியோ சொட்டு மருந்தும், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். இரவில் காய்ச்சல் 100.6 டிகிரி இருந்தது, காலையில் தணிந்துவிட்டது. பாலும் குடிக்கிறாள்.

ஆனால் ஊசி போட்ட இடம் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சிவந்து கெட்டியாக இருக்கிறது. துணி மாற்றக் காலைத் தூக்கினாலே உதடு பிதுங்கி, வீறிட்டு அழுகிறாள். தேய்க்காமல் ஈரத்துணி மட்டும் வைக்கும்படி செவிலியர் சொன்னார். என் மாமியாரோ விளக்கெண்ணெய் தடவி வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறார். பேத்தி மீதுள்ள பாசத்தால் சொல்பவரிடம் எப்படி எடுத்துச் சொல்வது?

மூத்தவனுடைய பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்றும், இவளுக்கு எழுதித் தந்த சொட்டு மருந்தில் 1 மில்லிக்கே 100 மில்லிகிராம் என்றும் அச்சிட்டிருப்பதால், சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் நான்கு மடங்கு கூடிவிடும் என்று அஞ்சி, எடை பார்த்துச் சொன்ன அளவை மட்டுமே கொடுத்தேன். வீட்டில் இரண்டு புட்டிகளும் இருப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்.

உங்கள் குழந்தைகளுக்கு இந்தக் கெட்டி எத்தனை நாளில் கரைந்தது? வலிக்கும் கால் அழுந்தாமல் எப்படி மடியில் கிடத்திப் பால் கொடுத்தீர்கள்? எந்த அறிகுறியைக் கண்டு தர்மபுரி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றீர்கள் என்பதையும் எழுதுங்கள்.