ஐந்து கால் இருந்தாலும் அது நாற்காலிதானா?

கேள்வி:
என் மகள் காரணப்பெயர் (ஒரு காரணத்தால் வந்த பெயர்), இடுகுறிப்பெயர் (காரணம் எதுவும் இல்லாமல் வழங்கிவரும் பெயர்) பாடம் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்: "நாலு கால் இருப்பதால் நாற்காலி என்றால் மேசைக்கும் மாட்டுக்கும்கூட நாலு கால்தானே, அதையெல்லாம் ஏன்ப்பா நாற்காலி என்று சொல்வதில்லை? நீங்கள் உட்காரும் சுழல் நாற்காலிக்குக் கீழே ஐந்து கால் இருக்கிறதே?" நியாயமான கேள்வி. ஒரு சொல் ஒரு பொருளைக் குறிப்பது அதற்குள் இருக்கும் காரணத்தாலா, அல்லது நாம் அப்படிப் பழகிக்கொண்டதாலா?

பதில் 1:
இதற்கென்றே காரண இடுகுறி என்று ஒரு வகை உண்டு சார். நன்னூல் உரைகளில் வரும் உதாரணம் முள்ளி. முள் இருப்பதுதான் காரணம், ஆனால் முள் உள்ள எல்லாச் செடியையும் முள்ளி என்பதில்லை, ஒரு குறிப்பிட்ட செடிக்குத்தான் அந்தப் பெயர் நின்றுவிட்டது. முக்கண்ணன் என்றால் சிவன் என்பதும் அப்படித்தான். நாற்காலியும் இதே கதை.

பதில் 2:
எனக்கு இதில் ரொம்பப் பிடித்த சொல் எண்ணெய். எள் + நெய், அதாவது எள்ளிலிருந்து எடுத்தது மட்டும்தான் எண்ணெய். இன்று தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் என்கிறோம், மண்ணெண்ணெய் வரைக்கும் போய்விட்டது, யாருக்கும் எள் ஞாபகத்துக்கே வருவதில்லை. கடைசியில் எள்ளின் எண்ணெயைத் தனியாகச் சொல்ல நல்லெண்ணெய் என்று இன்னொரு பெயர் தேவைப்பட்டது பாருங்கள்! பெயர் பிறக்கத்தான் காரணம் வேண்டும், அப்புறம் புழக்கம் அதை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகும்.

பதில் 3:
எல்லாம் புழக்கம்தான் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. தொல்காப்பியம் உரியியலில் "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்கிறது. காரணம் இல்லை என்று சொல்லவில்லை, பார்த்தவுடன் தெரியாது என்றுதான் சொல்கிறது. இடுகுறி என்று நாம் சொல்லும் மரம், மண் போன்ற சொற்களுக்கும் ஒரு காலத்தில் காரணம் இருந்து, நமக்கு மறந்துபோயிருக்கலாம் இல்லையா? பாப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. எண்ணெய்க் கதையைச் சொன்னேன், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவளே ஒன்று சொன்னாள்: "எங்கள் வகுப்பில் இருப்பது பச்சைப் பலகைப்பா, ஆனால் டீச்சர் 'கரும்பலகையைப் பார்' என்றால் எல்லோரும் சரியாக அங்கேதான் பார்க்கிறோம்."