ஜப்பானியர் காலத்து மலாயா: பெரியவர்களிடம் கேட்டறிந்தவை

மலேசியாவின் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். என் பாட்டியும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவருடன் இருந்த தோழிகளும் சொல்லக் கேட்டவற்றை இங்கே பதிகிறேன்.

ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் கரையிறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. பாட்டிக்கோ, வெள்ளைக்காரத் துரை பங்களாவைக்கூடப் பூட்டாமல் காரேறிப் போன நாளில்தான் போர் தொடங்கியது. அதன்பின் ரப்பர் பால் வெட்டினாலும் வாங்க ஆளில்லை. சம்பளம் நின்றது, அரிசியும் அருகியது. லயத்துக்குப் பின்னால் மரவள்ளியை நட்டு, அதையே அவித்தும் மாவாக இடித்தும் மாதக்கணக்கில் உயிர் பிழைத்திருக்கிறார்கள். துணி கிடைக்காமல் கோணிச் சாக்கைப் பிரித்துப் பாவாடை தைத்துக்கொண்ட தோழி ஒருவர், சணல் நார் உராய்ந்து புண்ணாகிப்போன இடுப்புப் பகுதியைச் சேலைக்கு மேலாகவே விரலால் சுற்றிக் காட்டினார்.

ஜப்பானியர் இந்தியர்களிடம் இணக்கமாகவே நடந்துகொண்டார்கள் என்று சொல்வோர் இன்றும் உண்டு. சிங்கப்பூர் வீழ்ந்த கையோடு சீன ஆண்களை வரிசையில் நிறுத்திப் பிரித்தெடுத்துக் கொன்றதை நினைத்தால், அதை முழுவதும் மறுக்க முடியாது. ஆயினும் அந்த இணக்கம் பெரும்பாலும் பட்டணத்தோடு நின்றுவிட்டது என்பதே என் எண்ணம். தோட்டத்துத் தமிழருக்கு வாய்த்தது 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில் பாதை வேலை. நல்ல கூலி, சில மாத வேலை என்று ஆசை காட்டி அழைத்தவர்கள், ஆள் வரத்து குறைந்ததும் கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்து ஏற்றினார்கள். 1943 மழைக்காலத்தில் முகாம்களில் காலரா பரவியபோது, அதே பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்காவது அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் உடனிருந்தார்கள். நம்மவர்களுக்கு அந்த ஆதரவும் இல்லை. பெயர்ப் பதிவுகள் ஒழுங்காக இல்லாததால், இறந்தவர்களின் தொகை இன்றும் மதிப்பீடாகவே இருக்கிறது.

பாட்டியின் அண்ணன் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த பிறகு தோட்டங்களிலிருந்து பலர், பெண்கள் உட்பட, அப்படிச் சேர்ந்தார்கள். நாட்டுப்பற்றுதான் காரணமா என்று பாட்டியிடம் கேட்டேன். “அதுவுந்தான். படையில இருந்தா சயாமுக்குப் புடிச்சிட்டுப் போக மாட்டானே” என்றார். உயிர்ப்பயமும் கலந்திருந்தது என்பதற்காக அவர்களுடைய பற்றைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை.

*

(தமிழ்நாட்டிலிருந்து இன்னொருவர் சொல்வது:) எங்கள் குடும்பம் கடலுக்கு இந்தப் பக்கம், தஞ்சை மாவட்டத்தில் இருந்தது; கொள்ளுத்தாத்தா மட்டும் பினாங்கில் வேலை பார்த்தார். ஜப்பானியர் வந்ததும் கப்பலும் கடிதமும் மணியார்டரும் ஒருசேர நின்றுபோயின. அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாமல், பொட்டு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று உறவினர் வாய்க்கு அஞ்சியே கொள்ளுப்பாட்டி அந்த ஆண்டுகளைக் கழித்ததாக என் பெரியத்தை சொல்வார். போர் முடிந்து கொள்ளுத்தாத்தா ஊர் திரும்பியபோது பெட்டியில் இருந்தவை பெரும்பாலும் ஜப்பானியர் வாழைமரப் படம் போட்டு அச்சிட்ட ‘வாழைமர நோட்டுகள்’; ஆங்கிலேயர் திரும்பி வந்ததுமே அவை செல்லாமல் போயிருந்தன. பினாங்குப் பணம் வரும் என்ற நம்பிக்கையில் அடகு வைத்திருந்த நிலமும் அதற்குள் கைமாறிவிட்டது. ஊரில் இருந்து பயனில்லை என்று கண்டு, அவர் மறுபடியும் பினாங்குக்கே கப்பலேறினார்.