சீமைக்கருவேலக் கரியை மண்ணில் புதைத்தால் புவி சூடு குறையுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

சாயல்குடி மிளகாய்:
எங்களுக்குச் சாயல்குடிக்குத் தெற்கே, கடல் பக்கமாக 3 ஏக்கர் இருக்கிறது. பாதியில் முண்டு மிளகாய், மீதி பல வருஷமாகச் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. போன வாரம் ஒருத்தர் ஊருக்கு வந்து, இதை விறகுக்கு விற்காதீர்கள், கரியாக்கி மண்ணில் போடுங்கள், பயோசார் என்று பெயர், கார்பன் கிரெடிட்டில், அதாவது காற்றிலிருந்து கார்பனைக் குறைத்ததற்கு மற்றவர்கள் தருகிற விலையில், பணம் வரும், கரண்டும் எடுக்கலாம் என்று பேசிவிட்டுப் பதிவுக்கு முன்பணம் கேட்டார். கொடுக்கவில்லை. ஆனால் விஷயம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நம்ம பக்கம் காலங்காலமாக விறகை அடுக்கி மண்ணால் மூடி வேகவைத்துக் கரிமூட்டம் போடுகிறார்கள், அந்தப் புகையில் கண் எரியாத ஆள் கிடையாது. அதே கரி திடீரென்று பருவநிலைக்கு எப்படி மருந்தானது? அப்புறம், உப்பு ஏறின நிலத்தில் போட்டால் மிளகாய் தாங்குமா?

பனங்காட்டு நரி:
முன்பணம் கொடுக்காதது நல்லது தம்பி. ஆனால் அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

மரம் காற்றிலிருக்கிற கரியமில வாயுவை எடுத்துத்தான் வளர்கிறது. மக்கினாலும் எரித்தாலும் அது திரும்பக் காற்றுக்கே போய்விடும். காற்றை அடைத்து 350 டிகிரிக்கு மேல் வேகவைத்துக் கரியாக்கினால், கார்பனில் ஒரு பங்கு நுண்ணுயிர்கள் லேசில் தின்ன முடியாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது, மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். அமேசான் பழங்குடிகள் எப்போதோ கலந்த கரி அங்கே இன்னும் கறுப்பு மண்ணாக இருக்கிறது. ஒரு டன் கரியில் 700 கிலோ கார்பன் என்று வையுங்கள், கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவாகும்போது எடை 3.67 மடங்காகும், அதனால் 3.67ஆல் பெருக்கினால் சுமார் 2.5 டன் கரியமில வாயு. சராசரி இந்தியர் ஒரு வருஷத்தில் வெளிவிடுவதே 2 டன் சொச்சம்தான், அதனால் இது சின்னக் கணக்கில்லை.

ஆனால் அதே கரி புரோட்டாக் கடை அடுப்புக்குப் போனால் கணக்கு பூஜ்யம். புதைத்தால்தான் லாபம். அதிலும் மூட்டத்துப் புகையில் மீத்தேன் இருக்கிறது, புவியைச் சூடாக்குவதில் நூறு வருஷக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் சுமார் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். புகையை வெளியே விட்டுவிட்டுக் கரியைப் புதைத்தால், மண்ணில் அடக்கியதில் ஒரு நல்ல பங்கைப் புகையே தின்றுவிடும்.

மூட்டக்கார வீடு:
நாங்கள் மூட்டம் போடுகிறவர்கள்தான், அதனால் பச்சையாகச் சொல்கிறேன். தூரை, அதாவது அடிக்கட்டையை, வேகவைத்த தூர்க்கரியை எவனும் மண்ணில் புதைக்க மாட்டான், அதற்கு விலை இருக்கிறது. மூட்டத்துக்குத் தேறாத முள்ளும் சுள்ளியும்தான் உங்கள் சரக்கு. அதை எல்லோரும் வயலிலேயே குவித்துத் தீ வைத்துவிடுகிறோம், கடைசியில் சாம்பல்தான் மிஞ்சுகிறது.

வாய் அகலமாக, அடி குறுகலாகக் குழி வெட்டுங்கள். நன்றாகக் காய்ந்த முள்ளைப் போட்டுக் கொளுத்தி, மேலே வெள்ளைச் சாம்பல் பூக்கிற நேரம் அடுத்த அடுக்கைப் போட வேண்டும். தீ எப்போதும் மேலேயே நிற்பதால் கீழிருந்து வருகிற புகை அதிலேயே எரிந்துபோகும், அடியில் காற்று இல்லாமல் கரி நிற்கும். பச்சை முள்ளைப் போட்டால் புகைதான். குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்கச் சொல்வார்கள். சித்திரையில் நம்ம ஊரில் தண்ணீருக்கு எங்கே போவது? மண்ணைப் போட்டு இறுக மூடிவிட்டு, முழுசாக ஆறின பிறகு தோண்டுங்கள். கொஞ்சம் கங்கு இருந்தாலும் காற்றுப் பட்டதும் பிடித்துக்கொள்ளும்.

உவர்மண்:
மண்ணைப் பற்றி யாரும் பேசவில்லையே. கரி காரத்தன்மை உள்ளது. உலகத்தில் கரி போட்டு விளைச்சல் கூடிய இடங்களில் பெரும்பாலும் அமில மண், நம்ம கடலோரத்தில் பல இடம் ஏற்கனவே காரம். காரம் மிஞ்சின களர் நிலத்தில் வாரிக் கொட்டினால் மிளகாய் வெளுத்து நிற்கும். நரிப்பையூர்ப் பக்கம் மாதிரி வெறும் மணல் என்றால் கதை வேறு, ஈரத்தையும் உரத்தையும் பிடித்து வைக்கும். முதலில் மண் பரிசோதனை. ராமநாதபுரத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

வெறும் கரியையும் போடாதீர்கள், பயிருக்குப் போக வேண்டிய தழைச்சத்தை முதலில் அது பிடித்துக்கொள்ளும். தொழுவுரத்தில் கலந்து, மாட்டுக் கோமியம் தெளித்து, சில வாரம் ஊறவிட்டுப் போடுங்கள். உப்பை இது எடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், உப்பு போக மழையும் வடிகாலும்தான் வழி.

தேவிபட்டினத்தான்:
கரண்ட் கதைக்கு வருகிறேன். கருவேல விறகைக் கொதிகலனில் எரித்து மின்சாரம் எடுக்கிற ஆலையில் மிஞ்சுவது சாம்பல். மரம் திரும்ப வளர்ந்தால் சரிக்குச் சரி, அவ்வளவுதான், லாரி டீசல் தனிக் கணக்கு. கார்பன் நெகட்டிவ், அதாவது காற்றில் விடுவதைவிட எடுப்பது அதிகம் என்று சொல்ல வேண்டுமானால் விறகை முழுசாக எரிக்காமல், அதிலிருந்து கிளம்புகிற வாயுவை மட்டும் எரித்து, கரியை மிச்சம் பிடித்து மண்ணுக்குக் கொடுக்க வேண்டும்.

நம்ம ஊருக்கு மின்சாரத்தைவிட வெப்பம்தான் தோது என்பது என் எண்ணம். கருப்பட்டிக்குப் பதநீர் காய்ச்சுகிற அடுப்பைப் பாருங்கள், மணிக்கணக்கில் விறகு தின்கிறது. மேலிருந்து பற்ற வைக்கிற அடுப்பில் வாயு எரிந்து கரி அடியில் தங்கும். பதநீரும் காய்ந்த மாதிரி, வயலுக்குக் கரியும் கிடைத்த மாதிரி. இதற்கு ஏன் யாரும் மானியம் பேசுவதில்லை என்று தெரியவில்லை. உலகம் எண்ணெய், நிலக்கரி, எரிவாயு வகையில் மட்டும் வருஷத்துக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயு வெளிவிடுகிறது, நம் குழிக்கரி அதை நிறுத்தாது. அதை மறைத்துப் பேசுகிறவனிடம் ஜாக்கிரதை.

சாயல்குடி மிளகாய்:
ரொம்ப நன்றி அண்ணே. அப்போ கிரெடிட் பணம்?

பனங்காட்டு நரி:
எந்த மரம், எவ்வளவு கரி, எந்த வயலில் போட்டது என்று பதிவு வேண்டும், ஆய்வகத்தில் கரியின் தரம் பார்க்க வேண்டும், வெளியாள் வந்து சரிபார்க்க வேண்டும். 3 ஏக்கருக்குத் தனியாகக் கட்டுப்படி ஆகாது, பல பேர் சேர்ந்தால் பேசலாம். அந்த ஆள் திரும்ப வந்தால் சோதனைச் செலவு யாருடையது என்று மட்டும் கேளுங்கள்.

மூட்டக்கார வீடு:
வெட்டினால் தூரோடு தோண்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்குத் தழைத்து நிற்கும்.