பவர் ஸ்டீரிங் இல்லாத பழைய காரில் மலை ஏறியவர்கள் சொல்லுங்கள்

கோத்தகிரிக்காரன்:
மாமாவின் பெட்ரோல் அம்பாசடர். மேட்டுப்பாளையம்-குன்னூர் பாதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், நேரே விஷயத்துக்கு வருகிறேன். பர்லியாறு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவு. நான் பாதி திரும்பியிருக்கும்போது மேலிருந்து பேருந்து வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே ஸ்டீரிங்கை ஒடிக்கப் பார்த்தேன், அசையவில்லை. "நிறுத்தி வச்சுத் திருகாத மாப்ள, வண்டி கொஞ்சம் உருளட்டும்" என்றார் மாமா. கிளட்சை லேசாக விட்டேன், சக்கரம் வழிக்கு வந்தது. வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தியதும் ஸ்டீரிங் உள்ளங்கையை உரசிக்கொண்டு தானாக நேருக்குத் திரும்பியது பாருங்கள், அந்த உரசல்தான் இன்னும் மறக்கவில்லை. இப்போதுள்ள காரை ஒரே விரலால் திருப்புகிறேன். கீழே ரோடு ஈரமா, ஜல்லியா, கைக்கு எதுவும் தெரிவதில்லை.

பெருமாள்மலை:
ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, பேருந்துதான் நின்றிருக்க வேண்டும். 1989 சாலை விதிகளிலேயே இருந்தது. சரி, என் கதை. பிரீமியர் பத்மினி காரில் கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறக்கம். டம்டம் பாறைக்குக் கொஞ்சம் மேலே எஞ்சின் நின்றுவிட்டது. பின்சீட்டில் அத்தை முருகா முருகா என்கிறார். ஸ்டீரிங்கில் ஒரு மாற்றமும் இல்லை! அதே கனம், அதே பிடி. ஓரம் கட்டிவிட்டேன். தம்பியின் புதுக் காருக்கும் ஒருமுறை இப்படி ஆனது. அதில் ஸ்டீரிங் பாறையாக இறுகிவிட்டது. பவர் ஸ்டீரிங் மோட்டார் உதவும் என்ற கணக்கில், ஸ்டீரிங்கைக் குறைந்த சுற்று சுற்றினாலே சக்கரம் திரும்புகிற மாதிரி செய்துவிடுகிறார்கள், உதவி போனால் மொத்தக் கனமும் நம் தோளில்தான்.

கல்லட்டி:
ரசித்து எழுதுகிறீர்கள், சந்தோஷம். அப்பா ஊட்டியில் டாக்சி ஓட்டினார், அம்பாசடர்தான். மசினகுடியிலிருந்து ஏறினால் 36 கொண்டை ஊசி வளைவு. ஒரு சீசனில் நானும் கூடப் போயிருந்தேன். தலைக்குந்தாவில் நிறுத்தி டீ வாங்கினோம். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். குளிருக்கு என்றுதான் நினைத்தேன். அவரிடம் போய் உள்ளங்கை உரசல் பற்றிச் சொல்லிப் பாருங்கள்.

ஹெரால்டு பிரியர்:
என்னுடையது சின்னக் கதை. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். சுமார் 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். குன்னூர் பெட்போர்டு பக்கம் ஒரு சந்தில் ரிவர்ஸ் போடாமல் திருப்பினேன், ஆட்டோக்காரர் இறங்கி வந்து முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்!

கல்லட்டி நண்பருக்கு: ஸ்டீரிங் அவ்வளவு கனமாக இருந்தால் முதலில் முன் டயர் காற்றைப் பாருங்கள். காற்று குறைந்தால் ரோட்டில் பதியும் பரப்பு கூடும், கனமும் கூடும். அகல டயர் போட்டு அழகு பார்க்காதீர்கள், அதற்கும் இதே கதிதான். முன்பக்க கிரீஸ் நிப்பிள்களை (கிரீஸ் அடிக்கும் முனைகள்) விடாமல் கவனிக்க வேண்டும். மலையில் மழைச்சேறு கிரீஸைக் கழுவிவிடும். வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று) பார்த்தீர்களா? அப்புறம் கட்டைவிரல்: ஸ்டீரிங் வளையத்துக்குள் விடவே கூடாது. குழியில் விழுந்தால் கம்பி சுழன்று விரலைப் பதம் பார்த்துவிடும். சின்ன ஸ்டீரிங் மாட்டுகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை. பெரிய வளையம் கொடுத்ததே நெம்புகோல் பலத்துக்குத்தான். இறக்கத்தில் இரண்டாவது கியர், அதைச் சொல்ல வேண்டியதில்லை.

கோத்தகிரிக்காரன்:
பேருந்து நின்றது சார். நான்தான் குறுக்கே கிடந்தேன், அவர் எங்கே போவார்?

கல்லட்டி:
ஹெரால்டு சார், கிரீஸ் அப்பாவே அடிப்பார், காற்றும் அவரே பார்ப்பார். வண்டியில் ஒரு குறையும் இல்லை. சீசனில் விடியற்காலை முதல் ராத்திரி வரை ஏறி இறங்கினால் யாருக்கும் தோள் போகும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிறவர்.